பச்சை விளக்கும் அறுபது சீட்டும்

வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிய பிறகும் திரும்ப ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஏழு வயதிலேயே சின்னவளுக்குப் ‘பூட்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்பா பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டிருப்பார். “நான்தான் பார்த்துட்டேனே, நட” என்பார். “நீங்க பார்த்தது உங்களுக்கு. நான் இன்னும் பார்க்கலையே” என்று அவள் மாடிப்படி ஏறி ஓடுவாள். அதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை வீடே அவளைத் திட்டிக்கொண்டு நிற்கும். அவள் மட்டும் நிம்மதியாக நிற்பாள்.

அக்கா அவளுக்கு எட்டு வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அம்மா முதுகுவலியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த இரண்டு வருஷம் வீடு அவள் கையில்தான் இருந்தது. அதற்கப்புறம் புத்தகத்தைத் தொட அவளுக்கும் தோன்றவில்லை, தொடச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் பேச்சு தெளிவு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

மையம் என்றால் மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு திரை. நாற்காலிச் சக்கரம் உருண்டு உருண்டு தரைவிரிப்பில் பன்னிரண்டு இடத்தில் வழுக்கை விழுந்திருக்கும். மணி அடித்தால் எடுக்க வேண்டும். எந்த இடம், என்ன ஆச்சு, எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். தட்டி முடித்து அனுப்பினால் திரையின் வலது மூலையில் பச்சை விளக்கு எரியும். பதிவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அடுத்த அறையில் இருப்பவர்கள் அந்தப் பதிவை எடுத்து வண்டிக்குச் சொல்வார்கள். பச்சை எரிந்த பிறகுதான் இந்தப் பக்கம் வாயைத் திறந்து “பதிவாயிடுச்சு, வண்டி கிளம்புது” என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எதிர்முனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அக்காவுக்கு மட்டும் ஒரு வழக்கம் கூடுதலாக உண்டு. கையகலச் சீட்டு ஒன்றில் வரிசை எண், விநாடி வரைக்கும் நேரம், இடம், நோய் எல்லாம் எழுதி இடது பக்கம் அடுக்குவாள். அரை மணிக்கொரு தரம் சீட்டையும் திரையில் உள்ள பட்டியலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒத்துப் பார்ப்பாள். பக்கத்து மேசைக்காரி அதற்காக அவளைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அந்தப் பக்கத்து மேசைக்காரிக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

“கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சவன் உங்களப் பார்த்தா கண்ணீர் விடுவான்க்கா” என்பாள் ரேடியோ.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அந்தக் கிண்டல் நின்றது. ஒரு பெரியவருக்கு வாய் கோணி, பேச்சுக் குழறுகிறது என்று அவர் மருமகள் கூப்பிட்டாள். அக்கா பதிந்தாள், பச்சை எரிந்தது, “வண்டி கிளம்புது” என்று சொன்னாள். அடுத்த நிமிஷம் பழைய கம்ப்யூட்டர் திணறி நின்று, தானே மறுபடி எழுந்தது. எழுந்தபோது அந்த ஒரு பதிவு அதன் நினைவில் இல்லை. சீட்டு அடுக்கில் இருந்தது, பட்டியலில் இல்லை. அக்கா கண்டுபிடித்து எழுந்து ஓடியபோது பதினோரு நிமிஷம் போயிருந்தது. பெரியவர் பிழைத்தார். ஆனால் அவருடைய வலது கை அதற்கப்புறம் எழும்பவேயில்லை. யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. “சீட்டு இருந்ததால உயிராவது மிஞ்சிச்சு” என்றுதான் சொன்னார்கள். ஆனால் வண்டி கிளம்புது என்று சொன்ன வாய் அவளுடையது.

அந்தப் பழைய ஏற்பாட்டை மாற்ற ஆள் தேடியபோதுதான் மையத்துக்குச் சின்னவள் வந்தாள்.

கம்ப்யூட்டரில் தகவலைச் சேமித்து வைக்கும் பெட்டிகள்தான் அவள் படிப்பு, அதுதான் பிழைப்பு. இரண்டு கம்பெனியில் வேலை பார்த்தவள். நேர்முகத் தேர்வில், “உங்க அக்கா இங்க இருக்காங்கன்னா சலுகை கிடைக்கும்னு நினைச்சு வந்தீங்களா?” என்று மேலாளர் சிரித்துக்கொண்டு கேட்டாராம். “அக்காதான் சார் இங்க சீட்டு எழுதுறாங்க. அந்தச் சீட்டுக்கு வேலையில்லாம பண்ண வந்திருக்கேன்” என்றாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்காவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் சுருக்கென்றது.

அன்று மாலை பாத்திரம் துடைத்துக்கொண்டே அக்கா விசாரித்தாள்.

“அப்படி என்னடி புதுசா வைக்கப் போற?”

“இதுவரைக்கும் ரெண்டு வகைதான்க்கா. மெமரின்னு ஒண்ணு. சொன்ன மாத்திரத்துல எழுதிக்கும், ஆனா கரண்ட் போனா மொத்தமும் மறந்துடும். டிஸ்க்னு இன்னொண்ணு. மறக்காது, ஆனா எழுத நேரமெடுக்கும். நான் வைக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. வேகம் மெமரி மாதிரி, ஞாபகம் டிஸ்க் மாதிரி. கரண்ட் போனாலும் மறக்காத மெமரி.”

“அது எங்க இருக்கும்? எங்க மேசையிலயா?”

“கண்ணாடி ரூம்ல ரெண்டு பெட்டி. உங்க பன்னெண்டு மேசையிலிருந்தும் வேகமான கேபிள் அங்க வரும். நீ அனுப்புனா கேபிள் வழியா வந்து, நெட்வொர்க் கார்டே நேரா கொண்டுபோய் அந்த மெமரில வச்சுடும். நடுவுல பெட்டியோட மூளையான பிராசஸரைக்கூட எழுப்பாது. ரெண்டு மைக்ரோ செகண்டுல பச்சை.”

“அது எவ்வளவு நேரம்?”

“நீ ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு. அதுக்குள்ள ஒரு லட்சம் மைக்ரோ செகண்ட் போயிடும்.”

அக்கா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “வேகம் கிடக்கட்டும். பச்சைன்னா பச்சைதானே?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றாள் சின்னவள்.

ஐந்து மாதம் வேலை நடந்தது. கண்ணாடி அறைக்குள் குளிர் எலும்பைத் துளைக்கும். சின்னவள் அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேபிள் இழுத்தாள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டினாள். ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பார்த்தாள். “பூட்டு பழக்கம் போகல பாரு” என்று அக்கா கண்ணாடிக்கு வெளியிலிருந்து நினைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை காலை திறப்பு என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் மேலாளர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். புதிய ஏற்பாடு வந்தபின் மேசையில் சீட்டு எழுதக்கூடாது. சீட்டு எழுத ஒரு அழைப்புக்கு ஏழு விநாடி போகிறது, அந்த ஏழு விநாடியில் வரிசையில் இன்னொருவர் காத்திருக்கிறார். சேமிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டதும் இது அமலுக்கு வரும்.

சேமிப்புப் பொறியாளர் என்றால் சின்னவள்தான்.

அக்கா சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள். ஏழு விநாடிக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. அவளே பல தடவை மனசுக்குள் போட்ட கணக்கு. ஆனால் புதன்கிழமை ஒரு அழைப்பு வரும், பச்சை எரியும், இடது பக்கம் சீட்டு இருக்காது. தங்கையின் கையெழுத்து ஒன்றை நம்பி “வண்டி கிளம்புது” என்று சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவள்தான். தோளில் தூக்கி வளர்த்தவள்தான். இருந்தாலும் அந்த வாக்கியம் வாய்க்கு வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை. சின்னவளே சனிக்கிழமை சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

“அக்கா, நாளைக்கு மத்தியானம் உன் சீட்டுக் கட்டு வேணும். ஆறு மேசைக்கு. ஆளுக்குப் பத்து.”

“எதுக்கு?”

“பெட்டிக்குப் போற கரண்டை நிறுத்த, பிரேக்கரை இறக்கப் போறேன்.”

பெட்டிகளைக் கொடுத்த கம்பெனிக்காரர் ஞாயிற்றுக்கிழமை மினுமினுக்கும் ஷூவோடு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். சோதனை எல்லாம் ஏற்கனவே செய்து தேறிவிட்டது என்று அறிக்கையை விரித்துக் காட்டினார்.

“பவர் ஆஃப் டெஸ்ட் பாஸ் மேடம். பன்னெண்டு தடவை பண்ணியிருக்கோம்.”

“எப்படி ஆஃப் பண்ணீங்க?”

“மெனுல போய், ஷட்டவுன் குடுத்து.”

“அது தூங்கப் போறியான்னு கேட்டுட்டு விளக்கை அணைக்கிற மாதிரி சார். எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு, பல்லு தேச்சுட்டுப் படுக்கும். கரண்ட் அப்படிக் கேட்டுட்டா போகும்?”

மேலாளர் நடுவில் புகுந்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “ஜெனரேட்டர் இருக்கேம்மா, யூபிஎஸ் இருக்கே.”

“இருக்கு சார். அதுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு பிரேக்கரும் இருக்கு. அது விழுந்தா ஜெனரேட்டர் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும், பெட்டி இந்தப் பக்கம் செத்துக் கிடக்கும்.”

பழைய ஏற்பாடு ஆறு மேசையில் நிஜமான அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற ஆறு மேசையும் புதியதோடு இணைக்கப்பட்டன. விடுமுறையில் இருந்தவர்கள் வந்து உள்போனில் பொய் அழைப்பு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தெம்பு, வாய்க்கு வந்தபடி நோய்கள் பிறந்தன.

“அலோ, என் வீட்டுக்காரர் கட்டில்லருந்து எந்திரிக்க மாட்டேங்கறாரு. எத்தனை வருஷமா? பதினஞ்சு” என்றது ஒரு குரல்.

“மூச்சு இருக்கா?” என்று அக்கா கடமை தவறாமல் கேட்டாள்.

“சாப்பிடுற நேரத்துல இருக்கு.”

அக்கா அதையும் விநாடி சுத்தமாகச் சீட்டில் எழுதினாள். ஆறு பேர் எழுதும் சீட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். ரேடியோ கோட்டுக்கு வெளியே எழுதியதைப் பிடுங்கி மறுபடி எழுத வைத்தாள்.

அறுபதாவது பச்சை எரிந்ததும் சின்னவள் சுவரோரம் நின்ற எலக்ட்ரீஷியனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் அந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாக விளக்குகள் எரிவதற்காக மட்டுமே சம்பளம் வாங்கியவர். “ஓடுற மெஷினை நிறுத்தச் சொன்ன முதல் ஆளு நீதாம்மா” என்று முணுமுணுத்துக்கொண்டு பிரேக்கரை இறக்கினார். கண்ணாடி அறையின் இரைச்சல் சட்டென்று நின்றது. இரண்டு பெட்டியும் இருண்டன. பத்து எண்ணிவிட்டு ஏற்றினார்.

பெட்டிகள் எழுந்து நிற்க நாலு நிமிஷம். அக்கா அறுபது சீட்டையும் நேர வரிசையில் அடுக்கி, பட்டியலோடு ஒன்றொன்றாக ஒத்துப் பார்த்தாள். இருந்தால் வலப்பக்கம், இல்லாவிட்டால் இடப்பக்கம். முடிவில் இடப்பக்கம் ஏழு சீட்டு கிடந்தது.

ரேடியோ எட்டிப் பார்த்து மறுபடி எண்ணினாள். ஏழேதான்.

அறுபது பேருக்குப் பச்சை எரிந்திருக்கிறது. ஐம்பத்து மூன்று பேருக்குத்தான் வண்டி போயிருக்கும். அக்கா அந்த ஏழையும் நேராக அடுக்கினாள். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தயங்கித் தயங்கிப் பார்த்தாள். அங்கே அழுகை இல்லை. வீட்டுப் பாடத்தில் வம்பான கணக்கு வந்தால் வரும் அதே முகம்தான், கீழ் உதட்டை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு.

“அக்கா, இந்த ஏழும் எத்தனாவது எத்தனாவது சீட்டு?”

“பதினெட்டு, இருபத்தாறு, இருபத்தேழு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தஞ்சு, அம்பத்திரண்டு, அம்பத்தெட்டு.”

“கடைசி சீட்டு?”

“அறுபது இருக்கு. அம்பத்தொம்பதும் இருக்கு.”

சின்னவள் அந்த ஏழு சீட்டையும் வாங்கி மேசையில் பரப்பினாள். கம்பெனிக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“கடைசி ஏழு காணாமப் போயிருந்தா, வந்துக்கிட்டிருந்தது வழியில அறுந்துடுச்சுன்னு சொல்லலாம் சார். இது நடுநடுவுல போயிருக்கு. பதினெட்டு போயிடுச்சு, அதுக்கப்புறம் வந்த பத்தொம்பது பத்திரமா இருக்கு. எங்கேயோ ஒரு இடத்துல உட்கார்ந்திருந்து, அங்கேருந்து வரிசை இல்லாம உள்ள போயிருக்கு.”

கம்பெனிக்காரர் சீட்டு எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பிராசஸர்” என்றார்.

“பிராசஸர்” என்று இவளும் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை காபி டம்ளரோடு அதை அக்காவுக்கு விளக்கினாள். பிராசஸர் தன் மடியிலேயே ஒரு சின்ன இடம் வைத்திருக்கும். அடிக்கடி வேண்டியதை அங்கே போட்டுக்கொள்ளும், அப்புறம் தோன்றுகிறபோது உள்ளே எடுத்து வைக்கும். மெமரி மறக்காததுதான், ஆனால் இந்த மடி மறந்துவிடும். நெட்வொர்க் கார்டு வேகத்துக்கு ஆசைப்பட்டு, வந்த பதிவை மெமரியில் வைக்காமல் இந்த மடியில் போட்டுவிட்டு ‘வந்துவிட்டது’ என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைத்தான் பச்சை என்று திரை காட்டியிருக்கிறது.

“அது பொய் சொல்லல அக்கா. வந்துடுச்சான்னு நாம கேட்டோம், வந்துடுச்சுன்னு சொல்லிச்சு. எடுத்து உள்ள வச்சியான்னு நாம கேட்கவேயில்ல.”

“கெட்டிக்காரத்தனமான திருட்டுப் பிள்ளையா இருக்கும்போலிருக்கே” என்றாள் அக்கா.

பெட்டி எழும்போது படிக்கிற அமைப்புகளுக்குள் ஒரு மூலையில் அதற்கு ஒரு தெரிவு இருந்தது. கேபிள் வழி வருவதை மடியில் போடாதே, நேராக உள்ளே அனுப்பு என்று மாற்றலாம். கம்பெனிக்காரர் தன் ஆட்களிடம் பேசி அதைத் தேடிக் கொடுத்தார். இரண்டு பெட்டியிலும் மாற்றினார்கள். மத்தியானம் மறுபடி அறுபது பொய் அழைப்பு. பதினைந்து வருஷமாகப் படுத்திருந்த வீட்டுக்காரர் மறுபடி படுத்தார். எலக்ட்ரீஷியன் பிரேக்கரை இறக்கினார், ஏற்றினார். அக்கா ஒத்துப் பார்த்தாள்.

அறுபது சீட்டும் வலப்பக்கம். இடப்பக்கம் வெறும் மேசை.

கைதட்டல் எழுந்தது. ரேடியோ எழுந்து நின்று தன் தலையைச் சுற்றி ஒரு சீட்டைச் சுழற்றினாள். மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.

சின்னவள் பேனாவை வாங்கவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.”

“அறுபதுக்கு அறுபது வந்தாச்சேம்மா.”

“கார்டுக்கும் மெமரிக்கும் நடுவுல ஒரு சின்ன வழி இருக்கு சார். அந்த வழில ஒரு பதிவு போயிட்டிருக்கும்போது கரண்ட் போனா என்ன ஆகும்னு நாம இன்னும் பார்க்கல. அதுக்கு எடுக்குற நேரம் ரொம்பக் கம்மி, மனுஷக் கையால பிரேக்கரை இறக்கி அதைப் பிடிக்க முடியாது.”

“பிடிக்கவே முடியாததுக்கு எதுக்கு பயம்?”

“நம்ம கையால பிடிக்க முடியாது. கரண்டு பிடிச்சுடும்.”

மேலாளர் அக்காவின் பக்கம் திரும்பினார், பெரியவள் சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கையில். அக்காவுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். அறுபது சீட்டையும் தன் கையால் அடுக்கிப் பார்த்திருக்கிறாள். பதினாலு வருஷ அனுபவத்தில் அதற்குமேல் பார்க்க அவளுக்கு ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் திறப்பு. தங்கையின் முதல் பெரிய வேலை, பிடிவாதத்தால் கெட்டுப்போகக் கூடாது.

“போதுமேடி” என்றாள் தணிந்த குரலில். “நானே பார்த்தேன். எல்லாம் இருக்கு.”

“நீ பார்த்தது உனக்குக்கா” என்றாள் சின்னவள். “நான் இன்னும் பார்க்கலையே.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பஸ் ஒன்று அவள் கண்ணெதிரே புறப்பட்டுப் போயிற்று. பிடித்தால் உடும்புப் பிடி. இனி அடுத்த பஸ்தான். “சரி சார், அவ பார்த்துட்டு வரட்டும்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிற்க வேண்டியதுதான் என்று முடிவான பிறகு நிம்மதியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சின்னவள் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டு வந்தாள். அது மனிதர்களைப் போல ஆற அமரப் பதியாது. விநாடிக்கு லட்சக்கணக்கில் பொய்ப் பதிவுகளை எண் போட்டு அனுப்பும், பச்சை வந்த எண்களை வேறொரு கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டே போகும். சீட்டு எழுதும் வேலையை நிரலே செய்தது. அந்த வழியில் எந்த நொடியும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும்படி பண்ணிவிட்டு, ஓட்டத்தின் நடுவே பிரேக்கர் இறங்கியது. முதல் தடவை எதுவும் குறையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாம் தடவை மூன்று எண்கள் குறைந்தன. பச்சை காட்டியவை, பெட்டியில் இல்லாதவை.

மேலாளர் திரையருகே குனிந்தார். “எத்தனைல மூணு?”

“கோடிக்கு மேல.”

“கோடியில மூணா? நமக்கு ஒரு நாளைக்கு வர்றதே எண்ணூறு கால்தானேம்மா. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போகணும். கணக்குப் பார்த்தா நம்ம ஆயுசுல ஒண்ணு கூட வராது.”

“வராம இருக்கலாம் சார். வந்தா ஒண்ணே ஒண்ணுதான் வரும்.” அவள் குரலில் கோபமில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். “அந்த ஒண்ணு யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

மேலாளர் நிமிர்ந்தார். தூரத்தில் அக்காவின் மேசையையும் அதன் இடது பக்கச் சீட்டு அடுக்கையும் பார்த்தார். அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியவர் அவர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். “எவ்வளவு நேரம் வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

“மத்தியானம் வரைக்கும்.”

திருத்தம் சின்னதுதான். பதிவை அனுப்பிய உடனே அதன் பின்னாலேயே ‘இப்போது உள்ளே என்ன இருக்கிறது, படித்துச் சொல்’ என்று ஒரு கேள்வியும் போகும். கேள்வி முன்னால் போன பதிவை முந்திக்கொண்டு போக முடியாது. பதிவு உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் கேள்விக்குப் பதில் வரும். அந்தப் பதில் வந்த பிறகே பச்சை. இரண்டு மைக்ரோ செகண்ட் ஐந்து ஆகிவிட்டது.

“விளம்பரத்துல ரெண்டுன்னு போட்டிருக்கோமே மேடம்” என்று கம்பெனிக்காரர் வருத்தத்தோடு சிரித்தார்.

“விளம்பரத்துல ரெண்டே இருக்கட்டும் சார். எங்களுக்கு அஞ்சு போதும்.”

மத்தியானம் நாற்பது தடவை பிரேக்கரை இறக்கி ஏற்றினார்கள். இருபதாவது தடவைக்குமேல் எலக்ட்ரீஷியனுக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. அவளைப் பார்க்காமலே தானே நேரம் பார்த்து, எதிர்பாராத வேளையில் படக்கென்று இறக்கினார். பச்சை காட்டிய எண்கள் அத்தனையும் பெட்டியில் இருந்தன. ஒருதடவை பச்சை காட்டாத எண் ஒன்றுகூட உள்ளே இருந்தது. “சொல்லாமயே வச்சிருக்கு, நல்ல பிள்ளை” என்று அக்கா பாராட்டினாள்.

நாலு மணிக்குச் சின்னவள் கையெழுத்திட்டாள். மேலாளர் நீட்டிய பேனாவை வாங்காமல் தன் பேனாவால் போட்டாள். போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி, மை மறுபக்கம் ஊறியிருக்கிறதா என்று பார்த்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா மேசையில் உட்கார்ந்தபோது இடது பக்கம் காலியாக இருந்தது. சீட்டுக் கட்டை இழுப்பறையில் போட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் போட்டாள். திறப்பு விழா என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேலாளர் இரண்டு வார்த்தை பேசினார், அதற்குள் மணி அடித்தது.

ஒரு பையனின் குரல், பத்துப் பதினோரு வயது இருக்கும். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், தலையில் ரத்தம் வருகிறது, அப்பா வேலைக்குப் போய்விட்டார். அக்கா கேட்டுக் கேட்டுத் தட்டினாள். தெரு, வீட்டு எண், எந்த மாடி, கதவு திறந்திருக்கிறதா. அனுப்பினாள். பச்சை எரிந்தது.

பழக்கத்தில் இடது கை சீட்டுக் கட்டுக்குப் போயிற்று. மேசையின் வெறும் பரப்பைத் தொட்டது. அக்கா ஒரு கணம் அந்தப் பச்சையைப் பார்த்தாள். அந்தப் பச்சைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு வந்த பதில் இருக்கிறது, நாற்பது தடவை விழுந்த பிரேக்கர் இருக்கிறது, போதும் என்று எல்லாரும் சொன்ன பிறகும் படியேறி ஓடிய ஒருத்தி இருக்கிறாள்.

“பதிவாயிடுச்சு கண்ணா” என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. “வண்டி கிளம்புது. நீ போனை வைக்காத. ஒரு சுத்தமான துணி எடு, அம்மா தலையில அழுத்திப் பிடி. நான் கூடவே இருக்கேன்.”

மிச்சப்பட்ட ஏழு விநாடி அந்தப் பையனுக்குப் போயிற்று. வண்டி ஆறு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு நாலு தையல்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சீட்டுக் கட்டு இழுப்பறையிலிருந்து மாதம் ஒருமுறைதான் வெளியே வரும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரேக்கர் நாள். அன்று மட்டும் பழைய ஏற்பாடு விழித்துக்கொண்டு நிஜ அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும். விடுமுறைக்காரர்கள் புதுப்புது நோய்களோடு வருவார்கள். படுத்த வீட்டுக்காரர் இன்னும் எழவில்லை. எலக்ட்ரீஷியன் அதற்கென்றே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். அக்கா கோடு போட்ட அறுபது சீட்டைக் கொடுத்து, வாங்கி, அடுக்கி, ஒத்துப் பார்ப்பாள். இன்றுவரை இடப்பக்கம் ஒரு சீட்டும் விழவில்லை.

“விழாதுன்னுதான் தெரியுமே, எதுக்குக்கா மாசாமாசம்?” என்று போன தடவை ரேடியோ கேட்டாள்.

“போன மாசம் பார்த்தது போன மாசத்துக்கு” என்றாள் அக்கா, கண்ணாடி அறைக்குள் சால்வையோடு குனிந்திருந்த தங்கையைப் பார்த்துக்கொண்டே. “நீ கோட்டுக்குள்ள எழுது.”